புதுப்பிப்பு: பைத்தானில் வெயிட் வரியிலேயே தொங்கும் எஃப்எஃப்எம்பெக்

பாப்பென் (பைத்தானிலிருந்து வேறு புரோகிராமை ஓட்டும் வசதி) வழியாக ஓட்டும் எஃப்எஃப்எம்பெக் (வீடியோவை மாற்றும் புரோகிராம்) சின்ன வீடியோவுக்கு முடிகிறது, நீள வீடியோவுக்கு வெயிட்டில் (அது முடியும்வரை காத்திருக்கும் வரி) தொங்குகிறது என்று கேட்டிருந்தேன். காரணம் பைப், அதாவது ஒரு புரோகிராம் எழுதுவதை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் குழாய். லினக்ஸில் அதன் கொள்ளளவு வழக்கமாக 65,536 பைட். எஃப்எஃப்எம்பெக் தன் லாக் (செய்திப் பதிவு) முழுவதையும் எஸ்டிடிஎரர் என்ற பிழைச் செய்தி வழியில் கொட்டும். படிக்க ஆளில்லாமல் பைப் நிரம்பினால் எழுத முடியாமல் அது நிற்கும், அது முடியட்டும் என்று நம் பைத்தான் புரோகிராம் நிற்கும்.

வெயிட்டுக்குப் பதில் கம்யூனிகேட் போட்டால் போதும், எஸ்டிடிஅவுட் (வழக்கமான வெளியீடு), எஸ்டிடிஎரர் என இரண்டு பைப்பையும் சேர்த்தே படித்துவிடும். லாக் வேண்டாமென்றால் எஸ்டிடிஎரரை டெவ்நல்லுக்கு (போவதெல்லாம் மறைந்துவிடும் இடம்) திருப்பிவிடலாம். எஸ்டிடிஇன்னையும் (உள்ளீடு வரும் வழி) அங்கேயே திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே இருக்கும் ஃபைலின் மேல் எழுதலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்!

டைம்அவுட் (நேர வரம்பு) கொடுப்பவர்களுக்கு: நேரம் தாண்டினால் கம்யூனிகேட் எக்செப்ஷனை (பிழை அறிவிப்பு) மட்டும் எறியும், எஃப்எஃப்எம்பெக் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கில் கொடுத்து அதை நிறுத்திவிட்டு மறுபடி கம்யூனிகேட்டை அழைக்க வேண்டும். பாப்பெனுக்குப் பதில் ரன் ஃபங்ஷனைப் போட்டால் அது இதைத் தானே செய்துகொள்ளும்.