ஆன் செய்தால் விண்டோஸ் வராமல் நேராக பயாஸ் பக்கம்தான் வருகிறது, அவசரம்

வெண்பனி:
வணக்கம். டெஸ்க்டாப்பை ஆன் செய்தால் விண்டோஸ் வரவே மாட்டேன் என்கிறது. நேராக பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டு செட்டிங்ஸ்) பக்கத்தில் போய் நிற்கிறது. சேவ் அண்ட் எக்ஸிட் கொடுத்தால் ரீஸ்டார்ட் ஆகித் திரும்பவும் அதே பக்கம். நேற்று ராத்திரி வரைக்கும் நன்றாகத்தான் ஓடியது. நாளைக் காலைக்குள் ஒரு ரிப்போர்ட் அனுப்பியாக வேண்டும், ஃபைல் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. பூட் ஆர்டரை மாற்றிப் பார்த்தேன், பிரயோஜனம் இல்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மின்மினி:
என்ன மதர்போர்டு, என்ன பிராசஸர், எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா, விண்டோஸ் 10-ஆ 11-ஆ? எதுவுமே சொல்லவில்லையே. திரையில் ஏதாவது எரர் வாசகம் வருகிறதா? முக்கியமாக, பயாஸுக்குள் டிஸ்க் பெயர் எங்காவது தெரிகிறதா?

பழுதுப்பெட்டி:
போர்டில் கடிகாரத்தையும் செட்டிங்ஸையும் காக்கும் சீமோஸ் பேட்டரி போயிருக்கும். அது தீர்ந்துவிட்டால் செட்டிங்ஸ் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும், அப்புறம் இப்படித்தான் பயாஸிலேயே நிற்கும். போர்டில் நாணயம் மாதிரி இருக்கும், சிஆர்2032 என்று எழுதியிருக்கும். மாற்றிப் பாருங்கள்.

திருப்புளி:
பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்னால் சாட்டா கேபிளை, அதாவது டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் கேபிளைப் பாருங்கள். கேபினெட்டை நகர்த்தினாலே அது கொஞ்சம் தளர்ந்துவிடும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, டிஸ்க் பக்கமும் போர்டு பக்கமும் கழற்றி மறுபடி மாட்டுங்கள். போர்டில் வேறு சாட்டா போர்ட் காலியாக இருந்தால் அதில் மாட்டியும் பார்க்கலாம். எனக்கு வந்த ‘டிஸ்க் காணோம்’ கேஸ்களில் பாதிக்கு மேல் கேபிள்தான்.

சிப்செட்சித்தர்:
இப்படிக் கேள்வி கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. மதர்போர்டோடு ஒரு மேனுவல் வரும், அதில் பூட் என்று ஒரு அத்தியாயம் இருக்கும். முதலில் அதைப் படித்துவிட்டு வாருங்கள். பயாஸுக்குள் நுழையும் யாரும் அதைப் படிக்காமல் நுழையக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எத்தனை இழைகளில் இதையே சொல்வது?

மின்மினி:
சித்தரே, அவருக்கு நாளைக் காலை வரைதான் நேரம் இருக்கிறது. மேனுவலை அப்புறம் படிக்கட்டும். வெண்பனி, நான் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். போனில் போட்டோ எடுத்துப் போட்டாலும் சரி.

நீலத்திரை:
சாட்டா மோட், அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை, மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். ஏஹெச்சிஐ (வழக்கமான முறை) இருந்த இடத்தில் ரெய்ட் (பல டிஸ்க்குகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் முறை) ஆகியிருந்தால் விண்டோஸ் ஏறாது. எதையாவது தொட்டீர்களா?

வெண்பனி:
மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். பி450 போர்டு, ரைசன் 5 2600, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. எரர் எதுவும் வரவில்லை, நேராக பயாஸ்தான். சாட்டா இன்ஃபர்மேஷன் என்ற இடத்தில் எஸ்எஸ்டி பெயர் வருகிறது. ஆனால் பூட் ஆப்ஷன் பட்டியல் காலியாக இருக்கிறது. கேபிளைக் கழற்றி மாட்டிவிட்டேன், மாற்றமில்லை. தேதி, நேரம் எல்லாம் சரியாகத்தான் காட்டுகிறது.

பழுதுப்பெட்டி:
நேரம் சரியாகக் காட்டுவதால் மட்டும் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. பிளக் செருகியிருக்கும் வரை பவர் சப்ளையின் ஸ்டாண்ட்பை மின்சாரத்திலேயே கடிகாரம் ஓடும். பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு ஆன் செய்து பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. புது பேட்டரி 3 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்டும். 2.7-க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

மின்மினி:
கேபிளைக் கழற்றும்போது பிளக்கைப் பிடுங்கியிருப்பார், அதற்கப்புறமும் நேரம் சரியாக இருக்கிறது. பேட்டரியை விட்டுவிடலாம். டிஸ்க் கண்ணுக்குத் தெரிகிறது, பூட் பட்டியலில் மட்டும் இல்லை. அப்படியென்றால் கேபிளும் இல்லை, டிஸ்க்கும் சாகவில்லை. போர்டு அந்த டிஸ்க்கைப் பார்க்கிறது, ஆனால் அதில் தனக்குப் புரிகிற மாதிரி பூட் செய்ய எதுவும் இல்லை என்று நினைக்கிறது. நேற்று ராத்திரிக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன செய்தீர்கள்? எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

வெண்பனி:
ஒன்றும் செய்யவில்லை. பயாஸ் அப்டேட் மட்டும் செய்தேன். அது ஒழுங்காக முடிந்தது, 100 சதவீதம் என்று காட்டித்தான் ரீஸ்டார்ட் ஆனது. அதனால் அது காரணமாக இருக்காது.

திருப்புளி:
அதுதான் காரணம், வேறென்ன!

மின்மினி:
அப்டேட் கெட்டுப்போகவில்லை, கவலைப்பட வேண்டாம். கெட்டுப்போயிருந்தால் பயாஸ் பக்கமே வந்திருக்காது. அப்டேட் செய்தால் பெரும்பாலான போர்டுகளில் செட்டிங்ஸ் எல்லாம் டீஃபால்ட்டுக்குப் போய்விடும். பழைய பதிப்பில் சேமித்து வைத்த புரொஃபைல்கூடப் புதிய பதிப்பில் பல சமயம் ஏறாது. அந்த டீஃபால்ட்டே பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதுதான் இங்கே முக்கியம். 2021-ல் விண்டோஸ் 11 வந்ததை ஒட்டிப் பல போர்டுகளுக்கு வந்த பயாஸ் அப்டேட்டுகளில் டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) தானாகவே ஆன் ஆகியிருந்தது. சிலவற்றில் சிஎஸ்எம்மும், அதாவது பழைய லெகசி முறையில் பூட் செய்ய விடும் வசதியும், ஆஃப் ஆகிவிடும்.

உங்களுடைய விண்டோஸ் லெகசி முறையில், அதாவது எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அமைப்புள்ள டிஸ்க்கில் இன்ஸ்டால் ஆகியிருக்கும் என்று ஊகிக்கிறேன். சிஎஸ்எம் ஆஃப் ஆனால் போர்டு யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் மட்டும்தான் தேடும். எஃப்ஏடி32 ஃபைல் அமைப்பில் உள்ள ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையும் அதற்குள் இருக்கும் பூட் ஃபைலையும் எதிர்பார்க்கும். எம்பிஆர் டிஸ்க்கின் முதல் செக்டாரில் இருக்கும் பூட் கோடை அது சட்டை செய்யாது. அதனால்தான் பட்டியல் காலி.

பூட் டேபுக்குள் சிஎஸ்எம் என்று இருக்கும், எனேபிள் செய்யுங்கள். அதோடு விடாதீர்கள். அதன் கீழேயே ஸ்டோரேஜ் பூட் என்று இன்னொரு வரி இருக்கும், அதை லெகசிக்கு மாற்றுங்கள். எஃப்10 அழுத்தி சேவ் செய்யுங்கள். திரும்ப பயாஸுக்குள் வந்தால் எஸ்எஸ்டி பெயர் பூட் பட்டியலில் ஏறியிருக்கும், அதை முதலில் வையுங்கள். லோட் டீஃபால்ட்ஸ் மட்டும் இப்போதைக்குத் தொட வேண்டாம், போட்டதெல்லாம் போய்விடும்.

நீலத்திரை:
மின்மினி சொல்வது சரியாகத்தான் படுகிறது. ஆனாலும் சாட்டா மோட் ஏஹெச்சிஐ-யில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அப்டேட்டில் அதுவும் மாறியிருக்கலாம்.

மின்மினி:
மோட் மாறியிருந்தால் விண்டோஸ் லோகோ வரைக்கும் வந்து நீலத் திரையில் விழும். இவருக்கு அந்தக் கட்டமே வரவில்லை.

சிப்செட்சித்தர்:
2018-ல் வந்த பிராசஸரில் எம்பிஆர் முறையில் விண்டோஸ் போட்டதே அடிப்படைக் கோளாறு. சிஎஸ்எம்மை ஆன் செய்து ஒட்டுப்போடாமல், டிஸ்க்கை அழித்து யூஇஎஃப்ஐ-யில் புதிதாக இன்ஸ்டால் செய்வதுதான் ஒழுங்கான வழி. செக்யூர் பூட் (நம்பகமான பூட் ஃபைலை மட்டும் ஏற்கும் வசதி), டிபிஎம் 2.0, யூஇஎஃப்ஐ மூன்றும் இருந்தால்தான் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கில் எம்பிஆரால் மீதி இடத்தைப் பயன்படுத்தவும் முடியாது.

திருப்புளி:
அவர் டிஸ்க் 240 ஜிபி சித்தரே. ஃபைல் எல்லாம் அதில் இருக்கிறது என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். அழிக்கச் சொன்னால் எப்படி? எனக்குப் புரியாதது வேறு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்கு எதற்கு பயாஸ் அப்டேட்? ஓடுகிற மெஷினைத் தொடாதே என்று வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறேன். நடுவில் கரண்ட் போனால் போர்டே போச்சு.

சிப்செட்சித்தர்:
அது பழைய காலத்துப் பயம். இப்போது பல போர்டுகளில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிறது. சரியான ஃபைலைப் பெயர் மாற்றி யூஎஸ்பியில் போட்டு, பிராசஸர்கூட இல்லாமல் மீட்டுவிடலாம். சில போர்டுகளில் இரண்டு பயாஸ் சிப்கூட உண்டு. பிராசஸரின் பாதுகாப்பு ஓட்டைகளுக்கான திருத்தங்கள் பல நேரம் பயாஸ் வழியாகத்தான் வருகின்றன, ரேம் பொருத்தமும் அதில்தான் சரியாகிறது. அப்டேட்டே செய்யாதே என்பது தவறான அறிவுரை.

திருப்புளி:
எல்லா போர்டிலும் அந்தப் பட்டன் இல்லையே. பட்ஜெட் போர்டு வாங்கியவர்கள் என்ன செய்வார்கள்? பிராசஸர் மாற்றப் போகிறீர்களா, ரேம் ஒத்துப்போகவில்லையா, பாதுகாப்பு அறிவிப்பு வந்திருக்கிறதா? அப்டேட் செய்யுங்கள், நானே செய்வேன். புது நம்பர் வந்திருக்கிறதே என்று மட்டும் செய்யாதீர்கள் என்கிறேன்.

மழைத்துளி:
திருப்புளி அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்டேட் செய்வதென்றாலும் அதற்கு முன்னால் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்), ஃபேன் வேகம், சாட்டா மோட், சிஎஸ்எம் எல்லாம் அதில் வந்துவிடும். அப்புறம் ஒன்றொன்றாக ஒப்பிட்டுப் போட்டுவிடலாம்.

இன்னொன்று. பிட்லாக்கர் (டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருப்பவர்கள் பயாஸ் அப்டேட்டுக்கு முன்னால் அதை சஸ்பெண்ட் செய்துவிட வேண்டும். ஏஎம்டி போர்டுகளில் டிபிஎம், எஃப்டிபிஎம் என்ற பெயரில் பிராசஸருக்குள்ளேயே இருப்பதால், அப்டேட்டுக்கு அப்புறம் சில நேரம் டிபிஎம் ரீசெட் செய்யவா என்று கேட்கும். யோசிக்காமல் ஒய் (Y) அழுத்தினால் அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நிற்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் கீ சேமித்திருந்தால் எடுத்துவிடலாம், கீ எங்கேயுமே இல்லையென்றால் டேட்டா போனதுதான். வெண்பனி, உங்களிடம் அப்படி ஏதாவது கேட்டதா?

வெண்பனி:
பிட்லாக்கர் எதுவும் போடவில்லை. டிபிஎம் பற்றி ஏதோ ஒரு பக்கம் வந்தது, என் (N) அழுத்திவிட்டேன். சிஎஸ்எம் இருக்கிறது, ஆனால் சாம்பல் நிறமாக இருக்கிறது, அம்புக்குறி அதன் மேல் போகவே மாட்டேன் என்கிறது.

மின்மினி:
என் (N) அழுத்தியது நல்லது. சாம்பல் நிறமாக இருந்தால் செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்கும். அது ஆனில் இருக்கும் வரை பல போர்டுகள் சிஎஸ்எம்மைத் தொட விடாது. செக்யூரிட்டி டேபிலோ பூட் டேபுக்குள்ளோ செக்யூர் பூட் இருக்கும், அதை டிஸேபிள் செய்யுங்கள். சில போர்டுகளில் டிஸேபிள் என்றே இருக்காது, ஓஎஸ் டைப் என்று இருக்கும், அதில் அதர் ஓஎஸ் தேர்ந்தெடுங்கள். செக்யூர் பூட் கீ-க்களை அழிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது தேவையில்லை. எஃப்10 அழுத்தி சேவ் செய்து, மறுபடி பயாஸுக்குள் வாருங்கள். அப்போது சிஎஸ்எம் திறந்திருக்கும்.

பழுதுப்பெட்டி:
இதெல்லாம் முடிந்ததும் அந்த பேட்டரியையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள். பழைய போர்டுதானே.

(கொஞ்ச நேரம் கழித்து)

மின்மினி:
வெண்பனி, என்ன ஆயிற்று?

வெண்பனி:
வந்துவிட்டது! செக்யூர் பூட் ஆஃப், அப்புறம் சிஎஸ்எம் ஆன், ஸ்டோரேஜ் லெகசி. விண்டோஸ் ஏறிவிட்டது, ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கிறது. ரிப்போர்ட் வேலையைப் பார்க்கிறேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

மின்மினி:
மகிழ்ச்சி. ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு, நேரம் இருக்கும்போது எம்எஸ்இன்ஃபோ32 (விண்டோஸின் சிஸ்டம் தகவல் பக்கம்) திறந்து பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள், லெகசி என்று இருக்கும். பிறகு யூஇஎஃப்ஐ-க்கு மாற விரும்பினால் சித்தர் சொன்ன மாதிரி அழித்துப் போடத் தேவையில்லை. விண்டோஸ் 10-ன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர் டிஸ்க்கை அழிக்காமல் யூஇஎஃப்ஐ-க்கு வேண்டிய ஜிபிடி அமைப்புக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. பேக்கப் எடுத்துவிட்டு, முதலில் வேலிடேட் மட்டும் ஓட்டிப் பாருங்கள், அது டிஸ்க்கில் எதையும் மாற்றாது. அது தேறினால்தான் கன்வெர்ட். டி டிரைவ் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் லாஜிக்கலாக இருந்தால் தேறாது, அதை டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். கன்வெர்ட் ஆனதும் சிஎஸ்எம்மைத் திரும்ப ஆஃப் செய்ய வேண்டும், அப்போது பூட் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்று வரும்.

ரேம் வேகத்தையும் பாருங்கள். டீஃபால்ட்டுக்குப் போனதில் எக்ஸ்எம்பி ஆஃப் ஆகியிருக்கும், 3000, 3200 என்று வாங்கிய டிடிஆர்4 ரேம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும்.

சிப்செட்சித்தர்:
எம்பிஆர்2ஜிபிடி நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் சிஎஸ்எம்மை ஆஃப் செய்வதற்கு முன்னால் கார்டில் யூஇஎஃப்ஐ ஜிஓபி (யூஇஎஃப்ஐ முறையில் திரையைக் காட்டும் டிரைவர்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாத கார்டில் ஆன் செய்ததும் திரை கறுப்பாகவே இருக்கும், பயாஸ் பக்கம்கூடத் தெரியாது. அப்புறம் செட்டிங்ஸை அழிக்க சீமோஸ் கிளியர் செய்தால்கூட, டீஃபால்ட்டே சிஎஸ்எம் ஆஃப் என்றால், வேறு கார்டு மாட்டித்தான் மீள வேண்டும். 1050 டிஐ-யில் பிரச்சினை இருக்காது. இதுவும் மேனுவலில் இருக்கிறது.

திருப்புளி:
இந்தத் தகவல் உண்மையிலேயே உபயோகமானது சித்தரே. முதலிலேயே இப்படி எழுதியிருக்கலாம்.

கடலலை:
எனக்கும் இதே பிரச்சினை. இந்த இழையில் சொன்னபடி சிஎஸ்எம் எனேபிள் செய்தேன், சாட்டா மோடையும் ஏஹெச்சிஐ-க்கு மாற்றினேன், இன்னும் சரியாகவில்லை. உதவுங்கள்.

மின்மினி:
என்ன போர்டு, எந்த விண்டோஸ், திரையில் என்ன வருகிறது? சாட்டா மோட் முன்பு எதில் இருந்தது?

கடலலை:
கம்பெனி அசெம்பிள் செய்து விற்ற இன்டெல் டெஸ்க்டாப், விண்டோஸ் 11. முன்பு ரெய்ட் ஆன் என்று இருந்தது. இப்போது லோகோ வந்து சுற்றுகிறது, அப்புறம் நீலத் திரை. இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ் என்று எழுதியிருக்கிறது.

நீலத்திரை:
உங்களுடையது வேறு கதை. சாட்டா மோடை முதலில் இருந்த ரெய்டுக்கே திருப்புங்கள், சிஎஸ்எம்மையும் ஆஃப் செய்யுங்கள். ரெய்டில் இருக்கும்போது இன்ஸ்டால் ஆன விண்டோஸ் பூட் ஆகும்போது அதற்குரிய டிரைவரை மட்டும்தான் எடுக்கும். ஏஹெச்சிஐ டிரைவர் உள்ளே இருந்தாலும் ஆரம்பத்தில் அதைத் தொடாது, அதனால் டிஸ்க்கைக் காணோம் என்று விழுகிறது. ஏஹெச்சிஐ கட்டாயம் வேண்டுமென்றால், ரெய்டில் விண்டோஸுக்குள் போய் எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் சேஃப் பூட் டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸில் மோடை மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை ஏறிவிட்டால் டிரைவர் பழகிவிடும், பிறகு அந்த டிக்கை எடுத்துவிடலாம். பிட்லாக்கர் ரெகவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அதுசரி, இந்த இழைக்கு வருவதற்கு முன்னால் உங்களுக்கு இருந்த பிரச்சினை என்ன? அதை இன்னும் நீங்கள் சொல்லவில்லை.