பாதிப் பதிவுகள் இண்டெக்ஸ் ஆகவில்லை, ஆனவையும் மேலே வரவில்லை: முதலில் எதில் கை வைப்பது?

ஒளிப்பெட்டி (கேள்வி):

பிளாகரில் தமிழ்ப் பதிவுகள், மொத்தம் 120 அளவில். கேமரா, புகைப்படத் திருத்தம் பற்றியவை. சொந்த டொமைன், சர்ச் கன்சோலில் (தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் கருவி) இணைத்தாயிற்று. இப்போதைய நிலைமை:

ஏறக்குறைய பாதி, ‘கிரால்ட் - கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்ட்’ பட்டியலில் (கூகுள் படித்தும் தன் தேடல் தொகுப்பான இண்டெக்ஸில் சேர்க்காதவை) கிடக்கிறது. ‘ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்’ மறுபடி மறுபடி கொடுத்தும் நகரவில்லை. இண்டெக்ஸ் ஆனவற்றில் ‘ரா, ஜேபெக்: ஒரு பார்வை’ என்ற பதிவுக்கு (கேமராக் கோப்பின் இரண்டு வடிவங்கள் பற்றியது) இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவில் தோன்றும் எண்ணிக்கை, நன்றாக வருகிறது. சராசரி இடம் 14, கிளிக் இல்லையென்றே சொல்லலாம்.

கீவேர்ட் மெட்டா டேக் (பக்கத்தின் நிரலில் மறைவாக எழுதும் சொற்பட்டியல்), லேபிள், பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து வரும் லிங்க்), ஸ்பீடு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கூகுள் உண்மையில் எதைப் பார்க்கிறது? வேர்ட்பிரஸுக்குப் போனால் சரியாகுமா?

சிலந்தி:

இரண்டும் வேறு வேறு சிக்கல், கலக்காதீர்கள். கூகுள் முதலில் பக்கத்தை எடுத்துப் படிக்கிறது, பிறகு வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்கிறது. வரிசைப்படுத்துவது யாராவது தேடும்போதுதான். நீங்கள் சொன்ன பாதிப் பதிவுகள் இரண்டாவது கட்டத்தில் நிற்கின்றன, ரா பதிவு மூன்றாவதில். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு வேலை செய்யாது. பேக்லிங்க், ஸ்பீடு என்று வரும் அறிவுரைகள் குழப்புவதும் இதனால்தான்: எந்தக் கட்டத்துக்குச் சொல்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை.

‘கிரால்ட்’ என்றால் வந்தது, படித்தது, எடுத்துக்கொள்ளவில்லை. ‘டிஸ்கவர்ட்’ என்றிருந்தால் கதை வேறு: முகவரி தெரியும், இன்னும் வரவேயில்லை. உங்களுடையது முதல் வகை. அதனால் ரிக்வெஸ்ட் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் பலனில்லை. அது வரிசையில் ஓர் இடம் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற வரம்பும் உண்டு.

முதலில் அந்தப் பட்டியலைச் சலித்தெடுங்கள். பிளாகரில் ஃபீட் முகவரிகள், மாத ஆர்க்கைவ் பக்கங்கள் எல்லாம் அதில் வந்து விழும். அவை இண்டெக்ஸ் ஆகாததால் எந்த நஷ்டமும் இல்லை. லேபிள் பக்கங்கள் ‘பிளாக்ட் பை ரோபோட்ஸ்’ (கூகுள் எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு தடுத்தவை) என்று இருப்பதும், மொபைலுக்காகக் கடைசியில் எம்=1 ஒட்டிய முகவரிகள் ‘ஆல்டர்னேட் பேஜ்’ என்று இருப்பதும் இயல்பு. அசல் பதிவு முகவரிகளை மட்டும் தனியே எண்ணிப் பாருங்கள், ‘பாதி’ என்ற கணக்கு குறையக்கூடும்.

மிஞ்சுபவற்றில் ஒன்றிரண்டை எடுத்து சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் போடுங்கள். ‘கூகுள் செலக்டட் கேனானிக்கல்’ (கூகுள் மூல முகவரியாகத் தேர்ந்தது) என்ற வரியில் உங்கள் பதிவின் முகவரிதான் இருக்கிறதா? வேறு பதிவின் முகவரி இருந்தால், இரண்டையும் ஒரே சரக்காகக் கருதி ஒன்றை ஒதுக்கிவிட்டது என்று பொருள். அடுத்து ‘வியூ கிரால்ட் பேஜ்’ திறந்து, பதிவின் நடுவிலிருந்து ஒரு வாக்கியத்தை அதில் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் தீம்தான் குற்றவாளி. ஜாவாஸ்கிரிப்ட் வழியாகப் பதிவை வரவழைக்கும் டெம்ப்ளேட்டுகளில் இது நடக்கும்.

இரண்டும் சரியாக இருந்தால் மீதி உள்ளடக்கம்தான். ‘ஐஎஸ்ஓ என்றால் என்ன’, ‘ஐஎஸ்ஓ எவ்வளவு வைப்பது’, ‘இரவில் ஐஎஸ்ஓ’ என்று (ஐஎஸ்ஓ: கேமராவின் ஒளி உணர்திறன்) நாலைந்து பத்திகளில் மூன்று பதிவுகள் இருந்தால், மூன்றையும் ஒரே பதிவாக்குங்கள். இருப்பதில் நல்ல முகவரியை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் டிராஃப்டுக்கு மாற்றி, செட்டிங்ஸில் ‘எரர்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ்’ பகுதியில் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுங்கள். ‘பெர்மனென்ட்’ என்பதை மறக்காமல் இயக்குங்கள், இல்லாவிட்டால் தற்காலிகத் திருப்பமாகப் போய்விடும்.

இத்தனை சொல் இருந்தால்தான் இண்டெக்ஸ் ஆகும் என்று எந்த வரம்பும் கிடையாது. நீட்டி முழக்க வேண்டாம்.

தராசு:

ரா பதிவுக்கு வருகிறேன். ‘எதைப் பார்க்கிறது’ என்பதற்கு ஒற்றை விடை இல்லை, ஆனால் உறுதியாகத் தெரிந்தவை சில உண்டு.

லிங்க்: கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரினும் 1998 கட்டுரையில் சொன்ன பேஜ்ரேங்க்தான் ஆரம்பம். ஒரு பக்கம் தன் மதிப்பை, அது சுட்டும் பக்கங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் 0.85 மடங்குதான் கைமாறும். இரண்டு பக்கங்களின் மதிப்பும் சமமாக இருந்தால், 100 லிங்க் உள்ள பக்கத்திலிருந்து வரும் பங்கு, 5 லிங்க் உள்ள பக்கத்திலிருந்து வருவதைவிட ஏன் சிறியது என்பது இந்தப் பங்கீட்டிலேயே தெரியும். இன்று அது பல அளவுகோல்களில் ஒன்று. மற்ற கருவிகள் தளத்தின் வலிமைக்கு மதிப்பெண்ணாகக் காட்டும் ‘டொமைன் அத்தாரிட்டி’ கூகுளுடைய எண்ணே அல்ல.

சொல்: எத்தனை தடவை வருகிறது என்பதைவிட எவ்வளவு அரிய சொல் என்பது முக்கியம். தகவல் தேடல் ஆய்வாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972லேயே வகுத்த கணக்கு இது. அதை வளர்த்தெடுத்த பிஎம்25 என்ற வரிசைப்படுத்தும் முறையில், ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்போது ஒவ்வொரு முறையும் கிடைக்கும் லாபம் குறைந்துகொண்டே போகும். ‘கேமரா’ என்று 30 தடவை எழுதுவது வீண். ‘ஹிஸ்டோகிராம்’ (படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) என்ற சொல் தேவையான இடத்தில் ஒரே தடவை இருந்தால் அதற்கு எடை அதிகம். 2019இல் மொழியைப் புரிந்துகொள்ளும் பெர்ட் மாதிரி வந்தபின் தேடல் வாக்கியத்தின் பொருளையும் சேர்த்துப் பார்க்கிறது.

கிளிக்: அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில், 2023 விசாரணையின்போது கூகுள் தேடல் பிரிவின் உயர் அதிகாரி பாண்டு நாயக், கிளிக்கை வைத்து முடிவுகளை வரிசைப்படுத்த உதவும் ‘நேவ்பூஸ்ட்’ பற்றிச் சாட்சியம் சொன்னார். 13 மாதக் கிளிக் தரவை அது பயன்படுத்துகிறது என்றார். இதை வைத்து ‘அனலிடிக்ஸில் (தள வருகையை அளக்கும் கருவி) பவுன்ஸ் ரேட்டை, அதாவது வந்தவுடன் திரும்பிப் போவோர் விகிதத்தை, குறை’ என்று கிளம்பிவிட்டார்கள். அது வேறு, இது வேறு. தேடல் முடிவுகள் பக்கத்தில் நடப்பது கூகுளுக்குத் தெரியும். உங்கள் அனலிடிக்ஸ் கணக்கு அதற்குத் தேவையில்லை.

கீவேர்ட் மெட்டா டேக்கைப் பயன்படுத்துவதில்லை என்று 2009லேயே கூகுள் அறிவித்துவிட்டது. லேபிள், வாசகர் உலவுவதற்கு. மெட்டா டிஸ்கிரிப்ஷனால் இடம் உயராது, ஆனால் முடிவில் தலைப்புக்குக் கீழே காட்டப்படலாம் என்பதால் எழுதுவது நல்லது. பிளாகரில் ‘சர்ச் டிஸ்கிரிப்ஷன்’ செட்டிங்ஸில் இயக்கினால்தான் பதிவு எழுதும் இடத்தில் அந்தப் பெட்டியே தோன்றும்.

இனி வேலை. பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் ரா பதிவை மட்டும் ஃபில்டர் செய்து ‘குவெரீஸ்’ (தேடிய சொற்கள்) தாவலைத் திறந்து, இம்ப்ரெஷன் வாரியாக அடுக்குங்கள். 14 என்பது சராசரி. ஒரு தேடலில் 4, இன்னொன்றில் 40 என்று இருந்தாலும் நடுவே ஏதோ ஓர் எண்தான் தெரியும். எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தால் மொத்தத்தோடு ஒத்துவராது. வெகு சிலரே தேடியவற்றைத் தனியுரிமைக்காக மறைத்துவிடுவார்கள். அதனால் தனித்தனி வரிகளில் 8 முதல் 20 வரை இடமுள்ளவற்றை மட்டும் எடுங்கள்.

‘ரா ஃபைலை ஜேபெக்காக மாற்றுவது எப்படி’ என்பது மேலே இருந்தால், உங்கள் பதிவு வித்தியாசத்தைச் சொல்கிறது, வந்தவர் கேட்பது மாற்றும் வழி. அந்தத் தேடலை லாகின் இல்லாத ஜன்னலில் போட்டு முதல் பத்து முடிவுகளைப் பாருங்கள். பத்தும் படிப்படியான செய்முறையாக இருந்தால் தனிப் பதிவு எழுதி இங்கிருந்து லிங்க் கொடுங்கள். கலவையாக இருந்தால் இதே பதிவில் அந்தக் கேள்வியையே துணைத்தலைப்பாக்கி, அடுத்த வரியிலேயே விடையைத் தொடங்குங்கள்.

தலைப்பையும் மாற்றியே ஆகவேண்டும். ‘ஒரு பார்வை’ என்பது யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ‘ரா, ஜேபெக்: எப்போது எதில் எடுப்பது, எப்படி மாற்றுவது’ என்றால் கிளிக் செய்ய ஒரு காரணம் இருக்கிறது. நீளமானால் கடைசிப் பகுதி திரையில் வெட்டுப்படும், முக்கியச் சொல் முன்னால் இருக்கட்டும். சில சமயம் கூகுள் தானே வேறு தலைப்புப் போட்டுக்கொள்ளும். பதிவின் பெரிய தலைப்பும் டைட்டிலும் (தேடலுக்குக் கொடுக்கும் தலைப்பு) முரண்படாமல் இருந்தால் அது குறையும்.

இன்னொன்று, குவெரி பட்டியலில் தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ், முழு ஆங்கிலம் என மூன்று விதமாகவும் தேடல் வரும். ‘ஒளிவெளிப்பாடு’ என்று மட்டும் எழுதினால், ‘எக்ஸ்போஷர்’ என்று தேடுபவருக்கும் உங்களுக்கும் நடுவே பாலம் கிடையாது. முதல் முறை வரும்போது இரண்டையும் எழுதிவிடுங்கள். தூய தமிழ்ப் பற்றுள்ளவர்கள் மன்னிக்க.

பைட்டெண்ணி:

வேர்ட்பிரஸ் கேள்விக்கு: இதற்காக மாற வேண்டாம். கிரால் ஆகித்தான் நிராகரிக்கப்படுகிறது, மென்பொருள் மாறினால் எழுத்து மாறாது.

முகவரி பற்றி யாரும் சொல்லவில்லை. தமிழ்த் தலைப்பைக் கொடுத்தால் பிளாகர் தமிழ் எழுத்துகளை உதறிவிட்டு ‘பிளாக் போஸ்ட்’ என்பதோடு ஓர் எண்ணை ஒட்டி வைக்கும். வெளியிடும் முன் பெர்மாலிங்க் பெட்டியில் ‘கஸ்டம்’ தேர்ந்தெடுத்து ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல் எழுதலாம். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும், ஆனால் குறியேற்றி வைக்கும். தமிழில் ஒரு குறியீடு, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட், சதவீதக் குறியோடு எழுதினால் 9 எழுத்து. ‘கூகுள்’ என்ற சொல்லில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் சேர்த்து 6 குறியீடுகள், ஆக 54 எழுத்து. அங்கே ஸ்லக்குக்கு (முகவரியின் கடைசித் துண்டு) வரம்பு 200 எழுத்து. அதாவது 22 குறியீடுகளோடு தலைப்பு துண்டிக்கப்படும். நீளத் தலைப்புகள் ஒரே சொற்களில் தொடங்கினால் முகவரிகளும் ஒன்றுபோலாகி, கடைசியில் 2, 3 என்று எண் ஒட்டும்.

இதெல்லாம் இனி எழுதுபவற்றுக்கு. வெளியான பதிவுகளின் முகவரியை இதற்காக மாற்றாதீர்கள். முகவரியில் உள்ள சொல்லுக்கு ரேங்கில் கிடைக்கும் மதிப்பு மிகச் சொற்பம், பழைய லிங்குகள் உடைவதால் வரும் சேதம் அதிகம்.

ஸ்பீடு: எல்சிபி (பக்கத்தின் பெரிய பகுதி தெரிய ஆகும் நேரம்) 2.5 நொடிக்குள், ஐஎன்பி (சொடுக்கினால் பதில் தர ஆகும் நேரம்) 200 மில்லி நொடிக்குள், சிஎல்எஸ் (பக்கத்தில் உள்ளவை இடம் பெயரும் அளவு) 0.1க்குள். வருகைகளில் 75 சதவீதமாவது இதற்குள் இருக்க வேண்டும். இதில் தேறினாலும் வலுவில்லாத பதிவு மேலே வந்துவிடாது. உங்கள் துறையில் சிக்கல் படங்கள்தான். கேமராவிலிருந்து வந்த கோப்பை அப்படியே ஏற்றாமல் 1600 பிக்சல் அகலத்துக்குக் குறையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் குறிப்பிடுங்கள், இல்லையேல் படம் வந்து விழும்போது எழுத்து குதிக்கும். முதல் படத்துக்கு மட்டும் லேசி லோடிங் (திரைக்கு அருகே வரும்வரை படத்தை ஏற்றாமல் வைப்பது) வேண்டாம், அதனால் எல்சிபி கெடும்.

ஓர் எச்சரிக்கை: ஒரு பக்கத்தைத் தேடலிலிருந்து எடுக்க ரோபோட்ஸ் கோப்பில் தடுத்து, கூடவே நோஇண்டெக்ஸும் (‘இண்டெக்ஸில் வைக்காதே’ என்ற குறி) போடுவார்கள். தடுத்துவிட்டால் கூகுள் உள்ளே வராது, உள்ளே வராவிட்டால் நோஇண்டெக்ஸ் அதன் கண்ணில் படாது. தேடலிலிருந்து எடுக்க நோஇண்டெக்ஸ் மட்டும் போடுங்கள், தடுக்காதீர்கள்.

ஒளிப்பெட்டி:

நன்றி, சலித்துப் பார்க்கிறேன். இன்னும் மூன்று சந்தேகம். இண்டெக்ஸ் ஆகாத பதிவுகளை மொத்தமாக நீக்கிவிட்டால் மற்றவை உயருமா? பழைய பதிவுகளின் தேதியை மாற்றி மறுபடி வெளியிடலாமா? மற்ற வலைப்பூக்களின் பின்னூட்டங்களில் லிங்க் போடுவது உதவுமா?

தராசு:

நீக்கலாம் என்பேன். 2022இல் வந்த ‘ஹெல்ப்ஃபுல் கன்டென்ட்’ முறை தளத்தை முழுதாக எடைபோட்டது, 2024 மார்ச்சில் அதை மைய முறையோடு சேர்த்துவிட்டார்கள். சத்தில்லாத பக்கங்கள் குவிந்து கிடப்பது நல்ல பதிவுகளையும் இழுக்கும்.

சிலந்தி:

மொத்தமாக நீக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இண்டெக்ஸில் இல்லை என்பதே சத்தில்லை என்பதற்குச் சான்றாகாது. எந்தப் பதிவிலிருந்தும் லிங்க் இல்லாமல் அநாதையாகக் கிடப்பவையும் அந்தப் பட்டியலில் இருக்கும். 120 பதிவுகள்தானே, கையால் பிரிக்கலாம்: இணைக்க வேண்டியவை, திருத்த வேண்டியவை, காலாவதியானவை. மூன்றாவது குவியலை மட்டும் நீக்குங்கள்.

அநாதைப் பதிவுகளுக்கு, நன்றாக ஓடும் பதிவுகளின் பத்திக்குள்ளிருந்தே லிங்க் கொடுங்கள். சைட்பாரில் எல்லாப் பக்கத்திலும் தொங்கும் பட்டியலைவிட அது பயன்படும். லிங்க் எழுத்து ‘இங்கே சொடுக்கவும்’ என்று இருந்தால் ஒரு தகவலும் போகாது. ‘ஹிஸ்டோகிராமைப் படிப்பது’ என்றால் அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று வாசகர், கூகுள் இரண்டு தரப்புக்கும் தெரியும்.

தேதியை மட்டும் மாற்றுவது வீண்வேலை. உள்ளடக்கம் மாறியிருந்தால் மாற்றுங்கள்.

பின்னூட்ட லிங்க்: அந்தத் தொல்லைக்காகவே, ‘இந்த லிங்குக்கு மதிப்புக் கொடுக்காதே’ என்று சொல்லும் நோஃபாலோ குறி 2005இல் வந்தது. 2019இல் அதைக் கட்டளையாக இல்லாமல் குறிப்பாக எடுத்துக்கொள்வதாக மாற்றினார்கள். உடனே ‘நோஃபாலோவும் வேலை செய்கிறது’ என்று ஒரு கூட்டம் கிளம்பியது. நம்பாதீர்கள். காசு கொடுத்து லிங்க் வாங்கினால் ‘மேனுவல் ஆக்ஷன்’ (கூகுள் ஊழியர் பார்த்து விதிக்கும் தண்டனை) வரலாம், சர்ச் கன்சோலில் அதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. உங்களிடம் கேமரா இருக்கிறது: ஒரே காட்சியை ஐஎஸ்ஓ 100 முதல் 12800 வரை எடுத்து, பெரிதாக்கி அருகருகே வையுங்கள். இன்னொருவர் எடுத்துக்காட்ட வேண்டுமென்றால் உங்களைத்தான் சுட்ட வேண்டியிருக்கும்.

பைட்டெண்ணி:

மாற்றங்களை ஒரே நாளில் எல்லாப் பதிவிலும் செய்யாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். ஐந்தாறு பதிவில் செய்து, 28 நாளை அதற்கு முந்தைய 28 நாளோடு ஒப்பிடுங்கள். நடுவில் கோர் அப்டேட் (தேடல் முறையில் கூகுள் செய்யும் பெரிய மாற்றம்) வந்ததா என்று கூகுளின் சர்ச் ஸ்டேட்டஸ் பக்கத்தில் பாருங்கள். வந்திருந்தால் அது முடிந்து ஒரு முழு வாரமாவது கழித்துத்தான் ஒப்பிட வேண்டும். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும், இப்போதே ஒரு தடவை ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். ரீடைரக்டுகளைக் குறைந்தது ஓர் ஆண்டாவது எடுக்காதீர்கள்.