புதுப்பிப்பு: தம்பி மின்சாரக் கார் பயிற்சியை முடித்துவிட்டான்

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் கார் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி, பயிற்சி இல்லாமல் மின்சாரக் காரில் கை வைக்கலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். வேண்டவே வேண்டாம் என்று தடுத்த அண்ணன்மார்களுக்கு நன்றி. உயர் மின்னழுத்தப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டான்.

அவன் சொன்னதில் முக்கியமானது: சர்வீஸ் பிளக்கை (பேட்டரியைத் துண்டிக்கும் பிளக்) கழற்றியதும் வேலையைத் தொடங்கக் கூடாது. பேட்டரியைத் துண்டித்த பிறகும், மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) 400 வோல்ட் வரை தங்கியிருக்கலாம், சில கார்களில் 800. தயாரிப்பாளர் சொல்லும் நேரம் காத்திருந்து, மின்சாரம் இல்லை என்று மீட்டரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்து மீட்டரையே சோதிக்க வேண்டும். அப்புறம் ரப்பர் கையுறை: ஒவ்வொரு முறையும் சுருட்டிக் காற்றை அடைத்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்ட வேண்டும்.

பட்டறையில் 1000 வோல்ட் வரை தாங்கும் கையுறை இன்னும் வாங்கவில்லை. வரும்வரை உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு கேபிள் பக்கம் போகமாட்டேன், டயர் வேலை மட்டும்தான் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டான். நானும் அவன் பக்கம்தான்.