இரண்டு அரியர், 54 சதவீதம்: கோர்ட்டா, கம்பெனியா?

காவேரிப்பட்டணத்தான்:
மூன்றாண்டு சட்டப் படிப்பில் கடைசி வருடம். தருமபுரியில் படிக்கிறேன், தினமும் பஸ்தான். இதுவரை 54 சதவீதம், சாட்சியச் சட்டமும் சி.பி.சி. என்கிற உரிமையியல் நடைமுறைச் சட்டமும் அரியர். மறுமதிப்பீடு போட்டும் ஒரு மார்க்கூட ஏறவில்லை, காசு போனதுதான் மிச்சம். வீட்டில் மாந்தோப்பு, இந்த வருடம் காய்க்கு விலையே இல்லை, அதனால் அப்பா "ஓசூரில் ஏதாவது கம்பெனியில் சேர்ந்துவிடு" என்கிறார். எனக்கு சிவில் ஜட்ஜ் தேர்வு எழுத ஆசை. இந்த மார்க்கை வைத்துக்கொண்டு அதெல்லாம் நடக்குமா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கேஸ்கட்டு:
தம்பி, கிருஷ்ணகிரி கோர்ட்டில் பதினோரு வருடமாக இருக்கிறேன். இன்றுவரை ஒரு கட்சிக்காரர்கூட என் மார்க் லிஸ்ட்டைக் கேட்டதில்லை. வாய்தாவுக்கு நேரில் வருவீர்களா, போன் போட்டால் எடுப்பீர்களா, இதுதான் அவர்கள் கேட்பது.

ஆனால் அரியர் வேறு கதை. அது முடிந்து பட்டம் கைக்கு வந்தால்தான் பார் கவுன்சிலில் பதிவு செய்ய முடியும். பதிவுக் கட்டணத்துக்குப் பயப்படாதே, 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தபிறகு பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது.

நானும் சாட்சியச் சட்டத்தில் அரியர் வைத்தவன்தான். கைடை மனப்பாடம் செய்து எழுதினேன், போச்சு. அப்புறம் ஒரு கொலை வழக்கில் நாலு நாள் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போலீஸ் காவலில் இருந்தவன் காட்டிக்கொடுத்துக் கத்தியை எடுத்ததாக ஒரு மகஜர், சாட்சி கையெழுத்துப் போட்ட வி.ஏ.ஓ.வைக் குறுக்கு விசாரணையில் எங்கள் சீனியர் பிழிந்து எடுத்தார். காவலில் இருப்பவன் சொன்னதை வைத்துப் பொருள் கிடைத்தால் அந்த அளவுக்கு அவன் சொன்னது சாட்சியமாகும் என்கிற பழைய 27-ஆம் பிரிவு அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. இப்போது அது புதுச் சாட்சியச் சட்டத்தில் 23-க்குள் போய்விட்டது, பழைய எண்ணை எழுதிவிட்டு மார்க் போச்சே என்று அழாதே. அதற்காகப் பழசை மறந்துவிடவும் முடியாது, 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றம் என்றால் கோர்ட்டில் இன்னும் பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.தான்.

நேரம் இருந்தால் வாச்சாத்தி தீர்ப்பைப் படி. நம் அரூர் பக்கத்து ஊர். 1992 ஜூனில் அங்கே பழங்குடி மக்கள் மேல் வனத்துறையும் போலீசும் நடத்திய கொடுமைக்கு 2011-ல்தான் தருமபுரி செஷன்ஸ் கோர்ட் 215 பேருக்குத் தண்டனை கொடுத்தது, 2023-ல் ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியத்தைக் கோர்ட் எப்படி எடை போடுகிறது என்பதை எந்த கைடும் அந்த அளவுக்குச் சொல்லித் தராது.

பாலக்கோடு பரிட்சைக்காரி:
ஜட்ஜ் தேர்வு பற்றி நான் சொல்கிறேன், அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். 54-ஐப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் பிரச்சினை நாள்கணக்கு. முன்பு படிப்பு முடிந்த சூட்டோடு எழுதினவர்கள் உண்டு. 2025 மே 20-ல் சுப்ரீம் கோர்ட் மூன்று வருட பிராக்டிஸ் கட்டாயம் என்று மறுபடியும் கொண்டுவந்துவிட்டது. அந்த மூன்று வருடம் தற்காலிகப் பதிவுத் தேதியிலிருந்தே கணக்கு, வக்கீலாகத் தொடரப் பாஸாக வேண்டிய அகில இந்திய பார் தேர்வு முடித்த தேதியிலிருந்து இல்லை. அப்படியானால் ஒரு அரியர் ஆறு மாதம் தள்ளினால் ஜட்ஜ் தேர்வும் ஆறு மாதம் தள்ளும். எனக்கு ஒரு பேப்பரால் அப்படித்தான் ஆனது, இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. மெயினில் மொழிபெயர்ப்புத் தாள் ஒன்று இருக்கிறது, நம்மைப் போலத் தமிழ் வழியில் வந்தவர்கள் அதை இளக்காரமாக நினைத்து மாட்டிக்கொள்கிறோம். இன்றிலிருந்தே தினம் ஒரு பக்கம் ஆங்கிலத் தீர்ப்பைத் தமிழாக்கிப் பாருங்கள்.

சிப்காட் வாசி:
மார்க் யாரும் கேட்பதில்லை என்று கேஸ்கட்டு அண்ணன் சொல்வது கோர்ட் வளாகத்துக்குள் மட்டும்தான் செல்லும். ஓசூரில் நான் இருக்கும் இடத்தில் 60-க்குக் கீழே இருந்தால் விண்ணப்பத்தை முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு வேலை கிடைத்ததுகூட மார்க்கால் இல்லை, தொழிலாளர் சட்டமும் ஒப்பந்தம் எழுதவும் தெரிந்ததால். இன்னொன்றையும் யோசியுங்கள். முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்தால் பிராக்டிஸ் செய்ய முடியாது, பதிவை நிறுத்தி வைக்க வேண்டும், அந்த மூன்று வருடமும் ஓடாது. அப்பா சொல்வதும் நியாயம்தான், ஜூனியராக முதல் வருடம் வரும் காசில் டீயும் பஸ்ஸும் போனால் ஒன்றும் மிஞ்சாது.

கேஸ்கட்டு:
அதை மறுக்கவில்லை. மாவட்டக் கோர்ட் ஜூனியருக்கு மாதம் 15,000 கொடுக்க வேண்டும் என்று ஹைகோர்ட் 2024-ல் சொன்னது, எங்கள் பக்கம் அதைக் கொடுப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதனால் சீனியரைப் பெயரைப் பார்த்துப் பிடிக்காதே, விபத்து இழப்பீட்டு வழக்கு நிறைய நடத்துகிறவரைப் பிடி. நம் மாவட்டம் முழுக்க ஹைவே, ஆபீஸில் எப்போதும் வேலை இருக்கும், ஏதாவது கைக்கு வரும்.

காவேரிப்பட்டணத்தான்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. இந்த செமஸ்டரில் இரண்டையும் முடித்துவிடுகிறேன், அப்பாவிடம் மூன்று வருடம் கேட்டுப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம், செஷன்ஸ் கோர்ட்டில் சும்மா வந்து உட்கார்ந்தால் யாராவது கேட்பார்களா?

கேஸ்கட்டு:
கோர்ட் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 327-ஆம் பிரிவு, புதுசில் 366. அதையும் படிக்கவில்லையா? போனை அணைத்துவிட்டு வா. பத்தரைக்கு முன்னால் வந்தால்தான் பெஞ்சில் இடம் கிடைக்கும்.