ஏற்காடு இறக்கத்துல வீங்கின டயரும் எஃப்1 (ஃபார்முலா 1 ரேஸ்) 18 இன்ச் ரிம்மும்: நீங்க பார்த்ததையும் போடுங்க

அடிவாரம் அலைன்மென்ட்
ஒரு வண்டி வந்துட்டுப் போச்சு, அது கேட்ட கேள்வி மட்டும் போக மாட்டேங்குது. சின்ன ஹேட்ச்பேக், கம்பெனி சைஸ் 185/65 ஆர்15 (அகலம் 185 மி.மீ., அதுல 65 சதவீதம் சுவர் உயரம், ரிம் 15 இன்ச்). அதைக் கழட்டிட்டு 215/40 ஆர்17 போட்டிருக்காங்க. ஏற்காடு இறங்கினதுல இருந்து ஸ்டியரிங் உதறுதாம். வெளியில பார்த்தா டயர் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. லிஃப்ட்ல ஏத்தி வீலைக் கையால சுத்தினா, இடது முன் டயரோட உள்பக்கச் சுவர்ல எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். ஒவ்வொரு சுத்துக்கும் ஸ்ட்ரட்டை (சஸ்பென்ஷன் தண்டு) ஒட்டி ஒரு விரல் இடைவெளியில போய்ட்டு வருது. அதுக்கு நேரா ரிம் விளிம்பும் உள்ளே மடங்கியிருக்கு. டயரை மாத்தணும்னு சொன்னா, “எஃப்1லயே 18 இன்ச் போட்டுட்டாங்க, என் 17க்கு என்ன குறை?”ங்கறார் ஓனர். இதுக்கு யாராவது ஒழுங்கா பதில் எழுதுங்க.

அஸ்தம்பட்டி அப்பெக்ஸ்
ரிம் சைஸை மட்டும் பார்த்தா இப்படித்தான் கேக்கத் தோணும். சுவர் உயரத்தைக் கணக்கு போடச் சொல்லுங்க. 2021 வரைக்கும் எஃப்1 டயரோட வெளிவிட்டம் 670 மி.மீ., ரிம் 13 இன்ச், அதாவது 330. சுவர் 170 மி.மீ. வந்துச்சு. 2022ல ரிம் 18 ஆச்சு, அதாவது 457. ஆனா வெளிவிட்டத்தையும் 720க்கு ஏத்திட்டாங்க. சுவர் 131. இப்ப இவர் வண்டிக்கு வாங்க: 215ல 40 சதவீதம், வெறும் 86 மி.மீ. கம்பெனி டயர்ல 120 இருந்துச்சு. எஃப்1ஐப் பார்த்துப் போட்டேன்னு சொல்றவர், எஃப்1 வெச்சிருக்கற சுவர்ல மூணுல ரெண்டு பங்குதான் வெச்சிருக்கார். அந்த 15 இன்ச்தான் எஃப்1க்குக் கிட்டத்துல இருந்துச்சு!

13 இன்ச்ல சஸ்பென்ஷன் வேலையில பெரும்பங்கை டயர் சுவரே பார்த்துச்சு. வளைவுல அது நெளியும்போது பின்னாடி போற காத்தோட்டமும் மாறும், அதைக் கணிக்க டீம்கள் பட்ட பாடு கொஞ்சமில்ல. 18 இன்ச்ல நெளிவு குறைவு. முன் பிரேக் டிஸ்க்கும் 278ல இருந்து 328 மி.மீ. ஆக இடம் கிடைச்சுது. ரோட்டு வண்டி டயரோட ஒத்துப்போகணும்ங்கற வியாபார ஆசையும் இருக்கு, அதை மறைக்க வேண்டாம். ஆனா இதெல்லாம் சும்மா வரல, வீல் எடை ஏறிச்சு. காரோட குறைந்தபட்ச எடை 752 கிலோவுல இருந்து 798 ஆனதுக்கு அதுவும் ஒரு காரணம். ‘பெருசு போட்டா வேகம்’னு எந்த இன்ஜினியரும் சொல்லல.

சங்ககிரி பத்து சக்கரம்
உயரத்தையே பேசிட்டு இருந்தா எப்படி? லோடு இன்டெக்ஸைப் (டயர் தாங்கற எடையைச் சொல்ற எண்) பாருங்க முதல்ல. 185/65 ஆர்15 பொதுவா 88, ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 215/40 ஆர்17 சாதா டயர் 83, 487 கிலோதான். எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கற வகை) வாங்கினா 87, 545 கிலோ. அதுவும் காத்தைக் கூட்டி வெச்சாத்தான் அந்த எடை. பழைய பழக்கத்துல 30 பிஎஸ்ஐ வெச்சு, அஞ்சு பேர், டிக்கி நிறைய சாமான்னு மலை இறங்கினா எடை முழுக்க முன்னாடி சாயும். கொண்டை ஊசியில உள்சக்கரம் தார் உடைஞ்ச ஓரத்துல ஏறி இறங்கும்போது சுவர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல நசுங்கி, உள்ளே நூல் அறுந்துடும். அந்த இடத்துல காத்து ரப்பரைத் தள்ளுது, அதான் வீக்கம். பஞ்சர் ஒட்டற மாதிரி இதை ஒட்ட முடியாது.

எனக்கு உறுத்தறது வேற. தொப்பூர் இறக்கத்துல மழை நேரம், ஒரு சின்ன சரக்கு வண்டி ஓரமா நிக்குது. பின் டயர் ரெண்டும் வழுக்கை, தேய்மானக் கட்டை வெளியவே வந்துடுச்சு. “ரேஸ் கார்ல மொட்டை டயர்தானேண்ணா ஓட்டறாங்க?”னு அந்தத் தம்பி சிரிச்சுக்கிட்டே கேக்குது. ஸ்லிக்னு சொல்ற அந்த ரேஸ் டயர்ல இருக்கறது சூட்டுல ஒட்டற மெத்து ரப்பர், அதுவும் காய்ஞ்ச ரோட்டுக்கு மட்டும். மழை வந்தா எஃப்1லயே பட்டன் வெச்ச டயருக்குத்தான் மாத்தறாங்க. 300 கி.மீ. வேகத்துல அந்த முழு மழை டயர் ஒண்ணே வினாடிக்கு 85 லிட்டர் தண்ணியை ஒதுக்கும்னு எஃப்1 டயர் கம்பெனி பைரெல்லியோட கணக்கு. தேய்ஞ்ச ரோட்டு டயர்ல மிச்சம் இருக்கறது காய்ஞ்சு இறுகின ரப்பர், தண்ணி போக வழியும் இல்ல. பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்கு வந்தா கழட்டுங்க, அவ்வளவுதான்.

கொண்டலாம்பட்டி போல்ட்டு
எல்லா அப்சைஸும் (பெரிய ரிம்முக்கு மாறறது) தப்புன்னு தீர்ப்பு எழுதாதீங்க. அதே வண்டிக்கு 195/55 ஆர்16 போட்டா வெளிவிட்டம் 621, கம்பெனி டயரும் அதே 621தான். சுவர் 107. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. 215/40 ஆர்17 விட்டம் 604, அதனால 97ல போறப்ப 100னு காட்டும்.

உதறல் வந்தா டயரை மட்டும் சந்தேகப்படாதீங்க. வெளிச்சந்தை அலாய் நிறைய 73.1 மி.மீ. துளையோட வருது, வண்டி ஹப் (வீல் உக்கார்ற நடுப் பகுதி) 54.1. நடுவுல ஹப் ரிங் இல்லேன்னா வீல் நட்டோட தயவுலதான் நிக்கும், 80ஐத் தாண்டினா ஆட்டம். நட்டு அடி கூம்பா, உருண்டையான்னு ரிம்மோட பொருத்திப் பாருங்க. காத்துத் துப்பாக்கியால ஒரே அடியா இறுக்காதீங்க. கையால ஏத்திட்டு, குறுக்குக்குறுக்கா டார்க் ரெஞ்சுல (எவ்வளவு இறுக்கறோம்னு அளக்கற ஸ்பானர்) புத்தகத்துல போட்டிருக்கற அளவு (சின்ன வண்டிக்கு 100 நியூட்டன் மீட்டர் சுமாருக்கு). நூறு கி.மீ. ஓடினதும் மறுபடி ஒரு தடவை.

2021 மொனாக்கோ எஃப்1 ரேஸ்ல மெர்சிடிஸ் டிரைவர் போட்டாஸ் வண்டிக்கு நடந்தது தெரியும்ல? துப்பாக்கி கொஞ்சம் சாய்ஞ்சு உக்காந்து நட்டோட பல்லை வழிச்சுடுச்சு. வீல் வரவே இல்ல, ரேஸ் அங்கேயே முடிஞ்சுது. ஃபேக்டரிக்குக் கொண்டுபோய்த்தான் கழட்டினாங்க. அவங்களுக்கே அந்தக் கதி.

நாகலூர் காப்பி
காத்தைப் பத்தி ஒருத்தரும் முழுசா பேசலையே. ஏற்காடு ஏறி வந்து, “மலையில காத்து விரியும்”னு 4, 5 பிஎஸ்ஐ இறக்கி விடற டூரிஸ்ட் வண்டிகளை இங்க அடிக்கடி பார்க்கலாம். சேலத்துக்கும் இங்கேக்கும் 1200 மீட்டர் சுமார் வித்தியாசம். வெளி அழுத்தம் குறையறதால கேஜ்ல ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும், சரி. ஆனா குளிர்ல வெப்பம் 10 டிகிரி குறைஞ்சா ஒன்றரை திரும்பக் குறைஞ்சுடும். கணக்கு கிட்டத்தட்ட நேர். ஏறி வந்த சூட்டுல கேஜ் வெச்சுப் பார்த்துட்டு இறக்கினா, காலையில ஆறின டயர்ல இருக்க வேண்டிய காத்து இருக்காது. அப்படியே 20 கொண்டை ஊசியும் இறங்கறாங்க. முதல் பதிவு வண்டிக்கும் இதான் நடந்திருக்கும்னு என் கணிப்பு.

அஸ்தம்பட்டி அப்பெக்ஸ்
இதே தப்பு பெரிய இடத்துலயும் நடந்திருக்கு. 2013 சில்வர்ஸ்டோன்ல வரிசையா டயர் வெடிச்சப்ப பைரெல்லி சொன்ன காரணங்கள்: பின் டயர்களை இடவலம் மாத்திப் போட்டது, காத்தைக் குறைச்சது, கேம்பரை (வீலோட சாய்வு) கூட்டினது, உயரமான கெர்ப் (டிராக் ஓர மேடு). 2005 இண்டியானாபோலிஸ்லயும் சாய்வான 13வது வளைவோட பாரத்தை மிஷெலின் இடது பின் டயர் தாங்கல. 14 கார் ஒதுங்கி, 6 கார்தான் ஓடிச்சு. நம்ம நரேன் கார்த்திகேயன் நாலாவது வந்தது அன்னிக்குத்தான். சில்வர்ஸ்டோன் மாதிரி இங்கயும் பக்கம் மாறியிருக்கலாம், அதனால அந்த வண்டி டயர்ல ‘அவுட்சைடு’னு எழுதின பக்கம் வெளியில இருக்கான்னு பாருங்க.

சங்ககிரி பத்து சக்கரம்
பக்கம் மாறினா பிடிமானம்தான் கெடும், வீக்கம் வராது. குழப்பாதீங்க. இன்னொண்ணு, சுவர்ல உள்வாங்கின மாதிரி கோடு தெரிஞ்சா பயப்பட வேண்டாம், நூல் ஒட்டு சேர்ற இடம் அது. வெளியே புடைச்சாத்தான் ஆபத்து.

அடிவாரம் அலைன்மென்ட்
பார்த்துட்டேன். அவுட்சைடு சரியாத்தான் இருக்கு. இன்டெக்ஸ் 83, எக்ஸ்எல் இல்ல. ஆறின பிறகு நாலு டயரும் 26. மேல காத்து இறக்கினாராம், நாகலூர்க்காரர் சொன்ன மாதிரியே. டயரை மாத்த ஒத்துக்கிட்டார். இப்ப அந்த மடங்கின ரிம்மைச் சூடு பண்ணி நிமிர்த்தி வெல்டிங் வெச்சுத் தரச் சொல்றார்.

கொண்டலாம்பட்டி போல்ட்டு
வேண்டாம். அது வார்ப்பு அலுமினியம். எஃப்1ல அடிச்சு உருவாக்கின மெக்னீசியம், அதையே அடிபட்டா ஓரங்கட்டிடறாங்க. இதைச் சூடு காட்டினா பலம் போயிடும், வெல்டிங் ஓரத்துலயே விரிசல் விடும். மடங்கின இடத்துல டை பெனட்ரன்ட் (விரிசல்ல இறங்கற சிவப்புச் சாயம்) அடிச்சுத் துடைச்சு, டெவலப்பர் போட்டுப் பாருங்க. சிவப்பாக் கோடு தெரிஞ்சா அவர் கண்ணுக்கு முன்னாடியே காட்டுங்க. ரிம்மைத் திருப்பிக் குடுத்துடாதீங்க, வேற எங்கேயாவது வெல்டிங் வெச்சுக்குவார்.