வளையும் ரோபோ: ஜாய்ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் படம் மேலே போகிறது, உதவி தேவை

வளைகரம்:
வணக்கம். குறுகலான குழாய்களுக்குள் பார்ப்பதற்காக வளையும் ரோபோ ஒன்று செய்திருக்கிறேன். நடுவில் நிட்டினால் கம்பி (வளைத்துவிட்டாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் உலோகக் கலவை), அதில் வரிசையாக வட்டுகள். மொத்தம் இரண்டு பகுதிகள், பகுதிக்கு 3 இழுகம்பிகள், ஆக அவற்றை இழுக்க 6 செர்வோ மோட்டார்கள். கம்பித் துளைகள் மையத்திலிருந்து 6 மி.மீ. தள்ளி இருக்கின்றன. நுனியில் கேமரா. ஓட்டுபவர் திரையை மட்டும் பார்த்து ஜாய்ஸ்டிக்கால் ஓட்ட வேண்டும்.

நேராக இருக்கும்போது ஜாய்ஸ்டிக்கைத் தொட்டாலே நுனி வெறிபிடித்ததுபோல் சுற்றுகிறது. வளைந்த பிறகு வேறு தொல்லை. சில நிலைகளில் இடம் என்றால் இடமே போகிறது, சில நிலைகளில் மேலே போகிறது, ஒரு நிலையில் வலப்பக்கமே போய்விட்டது. அடிப்பகுதியை வளைத்தால் நுனிப்பகுதியும் தானாக அசைகிறது. என் தோழி ஓட்டிப் பார்த்தாள். ஒரே நிமிடத்தில் எந்தப் பக்கம் எது என்றே தெரியவில்லை என்று வைத்துவிட்டாள். இதை யாராலும் எளிதாக ஓட்ட முடிய வேண்டும் என்பதுதான் என் ஆசை. எங்கே தவறு?

அச்சும்கோணமும்:
முதல் சிக்கலுக்கு விடை எளிது. வளைவின் அளவைத் தீட்டா, வளையும் திசையை ஃபை என்று வைத்திருப்பீர்கள். ஃபை எவ்வளவு வேகமாக மாற வேண்டும் என்று கணக்கிடும்போது சைன் தீட்டாவால் வகுக்கிறீர்கள் அல்லவா? ரோபோ நேராக இருந்தால் அது பூஜ்யம். நேரான கம்பிக்கு வளையும் திசை என்று ஒன்று கிடையாது, நிரலோ அதைத் தேடி அலைகிறது. தீட்டா பெருக்கல் கோசைன் ஃபை, தீட்டா பெருக்கல் சைன் ஃபை என்ற இரண்டு எண்களை வைத்துக் கணக்கிடுங்கள், சுற்றல் நின்றுவிடும்.

இரண்டாவதற்கு ஒரு கேள்வி: எந்தத் திசையில் வளைத்தால் சரியாக இருக்கிறது?

வளைகரம்:
இப்போதுதான் குறித்துப் பார்த்தேன். ஃபை 0 என்றால் சரி. 90 டிகிரியில் இடம் மேலாகிறது. 180 என்றால் இடம் வலமாகிறது.

அச்சும்கோணமும்:
அப்படியென்றால் காரணம் கிடைத்துவிட்டது. பிழை சரியாக ஃபை அளவே இருக்கிறது. நுனியின் நிலையைக் கணக்கிட, இசட் அச்சில் (ரோபோவின் நீளவாக்கில்) ஃபை அளவு திருப்பி, அதற்குக் குறுக்கான ஒய் அச்சில் தீட்டா அளவு வளைத்து, அத்தோடு விட்டிருப்பீர்கள். கடைசியில் இசட் அச்சில் ஃபை அளவு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். இழுகம்பி ரோபோ வளையும், தன் அச்சில் முறுக்கிக்கொள்ளாது. அந்தக் கடைசித் திருப்பம் இல்லாவிட்டால் கேமரா முறுக்கிக்கொண்டதாக நிரல் நம்பிவிடும். வளையும் ரோபோக்களைப் பற்றி வெப்ஸ்டர், ஜோன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் எழுதிய மீளாய்வுக் கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார்கள். எனக்கும் இதே இடத்தில் பல நாட்கள் போயின, அதனால்தான் பார்த்ததும் தெரிந்தது.

கம்பிமேசை:
அடிப்பகுதி வளைந்தால் நுனி அசைவதற்கு: நுனிப்பகுதியின் கம்பிகள் அடிப்பகுதிக்குள்ளே புகுந்துதானே போகின்றன? அடிப்பகுதி 90 டிகிரி வளைந்தால், வளைவின் உட்பக்கம் போகும் கம்பிக்கு 6 பெருக்கல் 1.571, அதாவது சுமார் 9.4 மி.மீ. பாதை குறைகிறது. வெளிப்பக்கக் கம்பிக்கு அதேபோல் கூடுகிறது. அந்த அளவை நுனி செர்வோக்களுக்கு ஈடு கொடுங்கள்.

திரையோரம்:
ஓட்டுபவரின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். நிரலைத் திருத்தினாலும் ஒரே பகுதியை 90 டிகிரிக்கு மேல் வளைத்தால் குழப்பம் திரும்பி வரும். அந்த நிலையில் ஜாய்ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் கேமரா திரும்புவதைவிடப் படம் உருளுவதுதான் (இருந்த இடத்திலேயே சுற்றுவதுதான்) அதிகம். 180 டிகிரியில் வெறும் உருளல் மட்டும்தான். ஆகவே வளைவை இரண்டு பகுதிகளுக்கும் பங்கிடுங்கள், 120 வேண்டுமென்றால் 60, 60. நுனியில் முடுக்கமானி (எந்தப் பக்கம் கீழே என்று உணரும் சிறு கருவி) இருந்தால், மேல்பக்கம் எப்போதும் மேலேயே இருக்கும்படி படத்தைத் திருப்பிக் காட்டலாம். ஆனால் படத்தை எவ்வளவு திருப்புகிறீர்களோ அதே அளவு ஜாய்ஸ்டிக்கையும் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் முன்பைவிட மோசமாகும்.

கம்பிமேசை:
நுனிக் கேமராவின் படத்தை மட்டும் பார்த்து ஓட்டுவதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. குழாய்க்குள் உடம்பு எங்கே உரசுகிறது என்பதும் தெரிய வேண்டும். கணக்கிட்ட வடிவத்தைத் திரையின் ஓரத்தில் கோடாக வரைந்து காட்டுங்கள். முடிந்தால் அதே போன்ற சிறிய வளையும் பிடி ஒன்று செய்யுங்கள். கை வளைக்கும் வடிவத்தையே ரோபோவும் எடுக்கும். புதியவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

திரையோரம்:
வடிவம் காட்டுவது அவசியம், ஒத்துக்கொள்கிறேன். பிடி மட்டும் நீண்ட நேரம் வளைத்து வைத்தால் கையை வலிக்கும், விட்டால் நிலையைப் பிடித்துவைக்கும் பூட்டு வேண்டும்.

வளைகரம்:
கடைசித் திருப்பத்தைச் சேர்த்தேன், கம்பி ஈட்டையும் கொடுத்தேன். இடம் என்றால் இடம்! தோழி ஐந்து நிமிடம் விடாமல் ஓட்டினாள். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மிச்சம் ஒன்று: திசையை மாற்றும்போது நுனி கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, அப்புறம் குதிக்கிறது. அதிகம் வளைந்திருந்தால் கூடுதலாகக் குதிக்கிறது.

கம்பிமேசை:
அது உராய்வு. உராய்வுக் குணகம் 0.2 என்று வைத்தால், மொத்தம் 180 டிகிரி வளைந்த பாதையில் நீங்கள் கொடுக்கும் இழுவிசையில் பாதியை ஒட்டித்தான் நுனிக்குப் போய்ச் சேரும். துளைகளில் டெஃப்லான் குழாய் செருகுங்கள், மூன்று கம்பிகளிலும் எப்போதும் லேசான இழுப்பு இருக்கட்டும். அதன் பிறகும் குதித்தால், செர்வோவைச் சிறு சிறு அடியாக நகர்த்தி, எத்தனையாவது அடியில் நுனி அசைகிறது என்று 0, 45, 90 டிகிரி வளைவுகளில் அளந்து இங்கே போடுங்கள், பார்க்கலாம்.