சமையலறை அலமாரிக் கதவுகளில் படியும் வெண்படலத்தை எப்படி நீக்குவது?

பாலக்கோடு வாசகி:
வணக்கம். எங்கள் சமையலறை அலமாரிகள் பிளைவுட்டில் செய்து, கரும்பழுப்பு நிற மைக்கா ஒட்டப்பட்டவை. ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நாள்தோறும் இரவில் சோப்புக்கட்டியைக் கரைத்த நீரில் துணியை நனைத்துத் துடைக்கிறேன். வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். ஆனாலும் காய்ந்தவுடன் கதவுகளில் வெள்ளைப் படலம் தெரிகிறது, அடுப்புக்கு மேலுள்ள கதவுகளிலோ பிசுக்கு போவதே இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழேயுள்ள அடிப்பலகையும் உப்பியிருக்கிறது. மைக்கா முழுவதையும் மாற்றிவிடுமாறு ஒருவர் சொல்கிறார். மாற்றாமல் சரிசெய்ய வழி உண்டா?

தருமபுரி, வேதியியல் ஆசிரியர்:
அம்மா, அவசரப்பட்டு மைக்காவை மாற்றாதீர்கள். நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மெக்னீசிய உப்புகள் மிகுதி. எண்ணெயிலிருந்து செய்த சோப்பு அவற்றோடு சேரும்போது நீரில் கரையாத வெண்ணிறப் படிவாக மாறிவிடுகிறது. ஆகவே நீங்கள் துடைக்கத் துடைக்க அந்தப் படிவு கூடிக்கொண்டுதான் போகும். வெளிர்நிறக் கதவாக இருந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு நீர் கலந்து, முதலில் கதவின் உட்புறத்தில் ஓரிடத்தில் துடைத்துப் பாருங்கள். நிறம் மாறவில்லையெனில் வெளிப்புறத்தையும் துடைத்து, உடனே நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியாலும், பிறகு உலர்ந்த பருத்தித் துணியாலும் ஒற்றியெடுங்கள். பளிங்குக் கல்லில் வினிகர் படக்கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைசலோடு அதை ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும்.

இனிமேல் சோப்புக்கட்டிக்கு மாற்றாக, பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகளை வெதுவெதுப்பான நீரில் கலந்து பயன்படுத்துங்கள். கடின நீரிலும் அது அவ்வாறு திரியாது. கடைசித் துடைப்புக்கு மட்டும் ஒகேனக்கல் குடிநீரில் அரைக் குவளை போதும். அது கிடைக்காத நாளில் கிணற்று நீரைக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டால் கடினத்தன்மையில் ஒரு பகுதி குறையும். (கொதிக்கவைப்பதால் நம் பகுதி நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு நீங்காது என்பதால், குடிப்பதற்கு இதை ஒரு வழியாக எண்ணிவிட வேண்டாம்.)

காவேரிப்பட்டணம், தச்சு வேலை:
ஆசிரியர் சொன்னது சரி. பிசுக்குக்கு நான் சொல்வது: திரவம் கலந்த வெந்நீரில் துணியைப் பிழிந்து, கதவின் மேல் ஐந்து நிமிடம் ஒட்டவைத்து ஊறவிடுங்கள். அதற்கும் அசையாத இடத்தில் சமையல் சோடாவைக் குழைத்து விரலால் மெதுவாகத் தேயுங்கள். கம்பி நார் கூடவே கூடாது. அது போடும் கீறலில்தான் அடுத்த பிசுக்கு குடியேறும்.

எனக்குக் கவலை தருவது அந்த அடிப்பலகைதான். பலகை தானாக உப்பாது. மேலே கழிவுக்குழாய் இணைப்பில் எங்கோ கசிகிறது. இரவில் குழாயின் கீழே பழைய செய்தித்தாளை விரித்துவையுங்கள், ஈரம் எங்கே விழுகிறது என்று காலையில் தெரிந்துவிடும். கசிவை அடைக்காமல் பலகையை மட்டும் மாற்றினால் அந்தச் செலவு வீண். மாற்றும்போது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, ஈரத்தைத் தாங்கும் மரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்குங்கள். வெட்டிய நான்கு ஓரங்களுக்கும் பெயிண்ட் பூசச் சொல்லுங்கள், ஏனெனில் நீர் ஏறுவது ஓரத்தின் வழியாகத்தான். பழைய பலகையைப் பெயர்த்ததும் சுவரோரம் கறையானின் மண்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஓசூர் வாசகர்:
ஒரு சேர்க்கை: இந்த முறை மைக்காவுக்கு மட்டுமே. எங்கள் வீட்டுப் பழைய தேக்கு அலமாரியில் ஈரத்துணியை ஊறவைத்ததால் பாலிஷ் வெளுத்துவிட்டது. மரத்துக்கு நன்றாகப் பிழிந்த துணியும் உடனடி உலர்த்தலும் போதும்.

பாலக்கோடு வாசகி:
அனைவருக்கும் நன்றி. நேற்று ஒரே ஒரு கதவில் மட்டும் வினிகர் முறையைச் செய்து பார்த்தேன். ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய நிறம் அப்படியே தெரிகிறது. செய்தித்தாளும் காலையில் நனைந்திருந்தது. குழாய் வளைவில்தான் கசிவு, வாஷரை மாற்றியாகிவிட்டது. மண்கோடு எதுவும் இல்லை. மைக்காவை மாற்றப்போவதில்லை, அடிப்பலகை மட்டும் அடுத்த வாரம் மாறுகிறது.